மந்திரிச்ச ஜேர்சி

தம்பி, போனில ஓடுறது பந்து விளையாட்டுத்தானே? பாருங்கோ, பாருங்கோ. நான் ஒண்டும் சொல்லயில்லை. அந்தச் சத்தத்தை மட்டும் ஒருக்காக் குறையுங்கோ. விசில் சத்தம் எனக்கு ஆகாது. இல்லையில்லை, நிப்பாட்ட வேண்டாம். ஆர் விளையாடுகினம், வெள்ளைக்காரரோ? அவையளுக்கு என்ன குறை, விளையாடுவினம்.

கிழவிக்குப் பந்து தெரியாதெண்டு நினைச்சிடாதேங்கோ. நான் பேசாலைப் பக்கம். எங்கட ஊரில பிள்ளை நடக்கத் தொடங்கினவுடன காலில பந்துதான். கடலால வந்து வள்ளத்தை இழுத்து விட்டிட்டுச் சாப்பிடக்கூட வராமல் விளையாட ஓடுவாங்கள். என்ர மகனும் அப்பிடித்தான். டனிஸ்ரன். பேரைக் கேட்டிருப்பீங்கள். கேட்கயில்லையோ? நாட்டுக்கு விளையாடினவன் தம்பி. ம்... விளையாடினவன் எண்டு சொல்லேலாது. விளையாடப் போனவன்.

இந்தப் பஸ் கொழும்புக்குப் போய்ச்சேர இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு. சொல்லுறன், கேளுங்கோ. பிழை ஆரிலயெண்டு நீங்களே சொல்லுங்கோ. படிச்ச பிள்ளை மாதிரி இருக்கிறீங்கள்.

ரெண்டு வருசத்துக்கு முதல் தீவு நாடுகளுக்கெண்டு ஒரு கப் வைச்சவை. பெரிய நாடுகளோட மோதினால் எங்களுக்கு ஆறு ஏழு கோலெண்டு அடிச்சுப்போட்டுப் போயிடுவாங்களாம். அதால சின்னத் தீவுகளாச் சேர்ந்து தங்களுக்குள்ள விளையாடுவமெண்டு முடிவெடுத்தவையாம். மாலைதீவு, மொரீசியஸ், சீசெல்ஸ், நாங்கள். சீசெல்ஸ் எங்க கிடக்கெண்டு டனிஸ்ரனைக் கேட்டன். கடலுக்குள்ள எங்கயோ தூரத்தில எண்டான். அங்கையும் மீன்பிடிக்கிற சனம்தானாம். அப்ப எங்கட ஆக்கள்தானே எண்டு சொன்னன். சிரிச்சான். அந்த நேரம் அவன் என்னோட நல்லாச் சிரிப்பான்.

அந்தக் கப்புக்குத்தான் அவனை நாட்டு ரீமில எடுத்தது. வலப்பக்கத்தால ஓடுறவன். ஓடினால் காத்துத்தான், ஒருத்தரும் பிடிக்கேலாது. பெத்தவள் சொல்லுறன் எண்டு நினையாதேங்கோ, ஊரே சொல்லும். சேதி வந்த அண்டு ஊரில வெடி கொளுத்தினவங்கள். ஞாயிறு பூசையில பங்குச் சுவாமி பேர் சொல்லி வாழ்த்தினவர். எங்கட மனுசன், டனிஸ்ரன்ர தேப்பன், இருக்கிறார், வாயைத் திறந்து நாலு வார்த்தை கதைக்க மாட்டார், அவரே அண்டைக்குச் சந்தியில நிண்டு போறவாறவையளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னவராம்.

நான் என்ன நினைச்சன், எடுத்தால் விளையாடின மாதிரித்தானே எண்டு. இல்லையாம். டனிஸ்ரன்தான் இருத்தி வைச்சுச் சொல்லித் தந்தவன். உள்ள இறங்கிறவை பதினொரு பேர், மிச்ச ஆக்கள் வெளியில பெஞ்சில இருக்கிறவை. கோச் கூப்பிட்டால் இறங்கலாம். "ஒரு நிமிசமெண்டாலும் கோட்டுக்கு உள்ள கால் வைக்கோணும் அம்மா. வைச்சால் சாகும்வரைக்கும் நான் நாட்டுக்கு விளையாடினவன். வைக்காட்டி நான் ஒண்டுமில்லை," எண்டான். அந்த ஒரு நிமிசந்தான் அவனுக்கு வேணும். வேற எதுவும் கேட்கயில்லை என்ர பிள்ளை. அவன்ர வயசுக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பமெண்டும் அவனுக்குத் தெரியும். பிறகு பிறகு சின்னப் பொடியங்களைத்தான் பார்ப்பாங்களாம்.

ஊரால ஒரு பஸ் பிடிச்சுக் கொழும்புக்குப் போனம். கொட்டாஞ்சேனையில என்ர ஒண்டுவிட்ட தங்கச்சி வீட்டில எனக்கும் மனுசனுக்கும் இருக்க இடம். மற்றவை அங்கங்க தெரிஞ்ச வீடுகளில. முதல் மச் மாலைதீவோட. சமன். அவனை இறக்கயில்லை. அடுத்தது மொரீசியசோட. வெண்டிட்டம். அதிலயும் இறக்கயில்லை. பெஞ்சில இருக்கிறான், எழும்பி ஓடுறான், குனியிறான், நிமிருறான், திரும்ப வந்து இருக்கிறான். எனக்கு மச்சே தெரியயில்லை தம்பி. அவன்ர முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன். ரெண்டாவது மச் முடிய எல்லாரும் வெண்ட புழுகத்தில துள்ளுறாங்கள், நான் மட்டும் குந்தியிருந்து அழுதன்.

அப்பதான் எனக்குக் காரணம் ஓடி வெளிச்சது. அவங்கள் உடுத்த சிவப்பு ஜேர்சியை ஒருத்தரும் மந்திரிக்கயில்லை.

நீங்கள் என்ன, வேதக்காரரோ சைவமோ? சரி, ஆராயிருந்தாலும் விளங்கும். எங்கட பக்கத்தில புதுசு எண்டு ஒண்டு வந்தால் முதலில கோயிலுக்குத்தான் போகும். வலையெண்டாலும் சரி, எஞ்சினெண்டாலும் சரி. சுவாமி தீர்த்தம் தெளிச்சுக் கையை வைக்கோணும். எங்கட கிளப் பொடியங்கள் பெரிய மச்செண்டால் ஜேர்சி முழுக்கக் கட்டிக் கொண்டுபோய்ப் பீடத்தில வைச்சிட்டுத்தான் உடுப்பாங்கள். சின்னனில இருந்து டனிஸ்ரன் மந்திரிக்காத ஜேர்சி போட்டு ஒரு மச் விளையாடினதில்லை. அதுக்குப் பிறகு நாட்டு ஜேர்சியை அப்பிடியே பெட்டிக்குள்ளால எடுத்துப் போட்டால் என்ன நடக்கும்? இருத்தித்தான் வைப்பாங்கள்.

கடைசி மச் சீசெல்சோட. சீசெல்சுக்குச் சிவப்பு. அதால எங்கடையாக்களுக்கு வெள்ளை. முந்தின நாள்தான் கையில குடுத்ததாம், ஆளுக்கு ஒண்டு. மச் அண்டு விடியவெள்ளன நான் அவையள் தங்கியிருந்த ஹோட்டல் வாசலுக்குப் போயிட்டன். மனுசனுக்குச் சொல்லயில்லை. சொன்னால் வேண்டாமெண்டுவார், அவருக்கு எல்லாத்துக்கும் வேண்டாந்தான். டனிஸ்ரன் இறங்கி வந்தான். எனக்குக் காட்டவெண்டு ஜேர்சியை மடிச்சுப் பையில போட்டுக் கொண்டுவந்தவன். வெள்ளை வெளேரெண்டு. முதுகில அவன்ர பேர், கீழ இருபத்திரெண்டு. நான் தடவிப் பார்த்தன். அந்தத் துணியில ஒரு வழுவழுப்பு.

தா, அந்தோனியாரிட்ட வைச்சிட்டு ஓடிவாறன் எண்டு கேட்டன். கொச்சிக்கடைக் கோயில் இந்தா கிடக்கு. அவன் மாட்டனெண்டான். "அம்மா, இது ஒண்டுதான் கிடக்கு. இது இல்லாட்டி என்னை இறக்கேலாது. நம்பரைப் பதிஞ்சு குடுத்திட்டாங்கள்." நான் அழுதன். அழமாட்டனே தம்பி? ரெண்டு மச் அவன்ர முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தனான். மத்தியானத்துக்கு முதல் கொண்டுவந்து உன்ர கையில தருவன், அம்மாவை நம்பு எண்டன். பிறகு தந்தான். அவனாத்தான் தந்தவன். நான் பறிக்கயில்லை. இதை வடிவா நினைவில வைச்சிருங்கோ, ஊரில வேற மாதிரிக் கதைக்குது சனம்.

அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, அந்தோனியாரின்ர நாள். கொச்சிக்கடையில செவ்வாய்க்கிழமை எப்பிடியெண்டு தெரியுந்தானே. றோட்டு வரைக்கும் சனம். நான் வரிசையில நிண்டு, இடிபட்டு, அந்தோனியார் சுரூபத்திட்டப் போய் ஜேர்சியைக் காலடியில வைச்சுச் செபிச்சன். அதுக்கு நேரம் கிடந்தது, பிந்தயில்லை. அங்க நிண்ட கோயில் ஆள் ஒருத்தர், வைச்சிட்டீங்கள்தானே அம்மா, எடுத்துக்கொண்டு போங்கோ, பின்னால சனம் நிக்குது எண்டார். அதெப்பிடிப் போறது? சுவாமி கை வைக்கயில்லை. தீர்த்தம் படயில்லை. பாதி வேலை பார்த்திட்டுப் போறது என்ர பழக்கமில்லை. அந்தோனியாருக்கும் அது பிடிக்காது.

சுவாமி ஆக்கள் வந்து சொல்லுற பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். முடிய எழும்புவாரெண்டு நிண்டன். முடிஞ்ச கையோட பூசைக்கு ஏறிட்டார். பூசை தொடங்கினாப் பிறகு இடையில எழும்பிப் போகலாமே? போனை அப்பவே நிப்பாட்டிப்போட்டன். அது கோயிலுக்குக் குடுக்கிற மரியாதை. பூசை முடிஞ்சு, சனம் விலகி, கடைசியில சுவாமி வந்து ஜேர்சியில கையை வைச்சார். ஆருடையதெண்டு கேட்டார். என்ர மகன் இண்டைக்கு நாட்டுக்கு விளையாடுறான் சுவாமி எண்டன். சந்தோசப்பட்டு ரெண்டாந்தரமும் தீர்த்தம் தெளிச்சார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சது. வெளியில வந்து போனைப் போட்டால் அது நிறுத்தாமல் கத்துது. எல்லாம் டனிஸ்ரன் எடுத்தது. திருப்பி எடுத்தால், ஹோட்டலால வெளிக்கிட்டிட்டமெண்டான்.

பரவாயில்லை, மச்சுக்கு இன்னும் நேரம் கிடக்கெண்டு ஓட்டோ பிடிச்சன். பெரிய ஆக்கள் மச் பார்க்க வருகினமெண்டு றோட்டை மறிச்சுப்போட்டாங்கள். ஓட்டோக்காரன் இறக்கி விட்டிட்டான். நான் ஓடினன் தம்பி. இந்த உடம்போட, இந்தச் சீலையோட, செருப்பும் அறுந்து, கொழும்பு றோட்டில வெறுங்காலோட ஓடினன். பிள்ளையில பாசமில்லாதவள் ஓடுவாளே? சொல்லுங்கோ.

விளையாடுறவை போற கேற்றில ஒரு காவல்காரன். எனக்குச் சிங்களம் ரெண்டு சொல்லுத்தான் வரும். மகன், ஜேர்சி, உள்ள எண்டு கையால காட்டிக் காட்டிச் சொன்னன். அவன் சிரிக்கிறான். பார்த்தால் என்னைச் சுத்தி எல்லாரும் அதே வெள்ளை ஜேர்சி. மச் பார்க்க வந்த சனம் முழுக்க றோட்டில வித்த ஜேர்சி வாங்கிப் போட்டிருக்கு. நானும் அப்பிடி ஒண்டை வைச்சுக்கொண்டு கரைச்சல் குடுக்கிறனெண்டு நினைச்சிருப்பான். டனிஸ்ரனுக்குப் போன் எடுத்தன். அடிச்சது, எடுக்கயில்லை. அதுக்குள்ள போனுகளை வாங்கி வைச்சிட்டாங்களாம். வேற வழியில்லை, சனத்தோட சனமா மேல ஏறி, எங்கட ஊராக்கள் இருந்த பக்கமாப் போய் மனுசனுக்குப் பக்கத்தில இருந்தன். ஏன் பிந்தினதெண்டு கேட்டார். கோயிலுக்குப் போனனான் எண்டன். பொய் இல்லைத்தானே.

மச் நடக்குது. டனிஸ்ரன் பெஞ்சில. எல்லாரும் போல மேல ஒரு செம்மஞ்சள் உடுப்புப் போட்டிருந்தான், அதால வித்தியாசம் தெரியயில்லை. தலையைத் திருப்பித் திருப்பிச் சனத்துக்குள்ள தேடுறான். நான் கையைக் காட்டினன். அவ்வளவு சனத்துக்குள்ள என்ர கை அவனுக்கு எங்க தெரியும்.

இடைவேளைக்குப் பிறகு எங்கட வலப்பக்கத்துப் பொடியன் காலைப் பிடிச்சுக்கொண்டு விழுந்திட்டான். தூக்கிக்கொண்டு போறாங்கள். கோச் திரும்பினார். கையைக் காட்டினார். ஆரைக் காட்டினாரெண்டு நினைக்கிறீங்கள்?

பார்த்தீங்களா! சிவப்பு ஜேர்சியோட ரெண்டு மச் திரும்பியும் பார்க்காத கோச், வெள்ளை ஜேர்சி மந்திரிச்ச அண்டு கூப்பிடுறார். இதுக்குமேல என்ன அத்தாட்சி வேணும்? எங்கட ஊர்ச்சனம் எழும்பி நிண்டு டனிஸ்ரன், டனிஸ்ரன் எண்டு கத்துது. மனுசன் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டார். கலியாணத்துக்குப் பிறகு நாலு பேருக்கு முன்னால அவர் என்ர கையைப் பிடிச்சது அண்டைக்குத்தான்.

டனிஸ்ரன் எழும்பினான். எழும்பிக் கோச்சுக்கு முன்னால நிண்டு என்னவோ சொன்னான். தலை குனிஞ்சபடி. கோச் அவன்ர செம்மஞ்சள் உடுப்பை இழுத்துப் பார்த்தார். உள்ள வெறும் பனியன்.

நான் சும்மா இருக்கயில்லை தம்பி. பைக்குள்ளால ஜேர்சியை எடுத்து முன்னால இருந்த பொடியனிட்டக் குடுத்து, கீழ அனுப்பு, கீழ அனுப்பு எண்டன். அவன் அடுத்தவனிட்டக் குடுத்தான். அது கை மாறிக் கை மாறிப் போகுது. எங்கட ஊராக்கள் இருந்த வரிசை தாண்டினவுடன அங்கால சிங்களப் பொடியங்கள். அவங்கள் ஏதோ புழுகத்தில எறியிறமெண்டு நினைச்சு, வாங்கித் தலைக்குமேல சுழட்டத் தொடங்கிட்டாங்கள். ஒருத்தன் கொடித்தடியில கட்டி ஆட்டுறான். முதுகில என்ர பிள்ளையின்ர பேர். இருபத்திரெண்டு. அப்பதான் டனிஸ்ரன் நிமிர்ந்து பார்த்தான். கண்டிட்டான். பார்த்துக்கொண்டே நிண்டான். கோச் வேற ஒருத்தனை, பின்னுக்கு விளையாடுற ஒரு பொடியனை, இறக்கி விட்டார்.

மனுசன் என்ர கையை விட்டார். "அது அவன்ர ஜேர்சியோ?" எண்டு கேட்டார். மந்திரிச்சுக்கொண்டு வந்தனான் எண்டன். எழும்பிச் சனத்துக்குள்ளால இறங்கிப் போயிட்டார். கோச் செய்த அநியாயத்தை அவரால பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு.

ஓம், கோச் செய்த அநியாயந்தான். ஒரு ஜேர்சிக்காக ஒரு பிள்ளையை இருத்துவினமே? விழுந்த பொடியன்ர ஜேர்சியைக் கழட்டிப் போட்டிருக்கலாம். நம்பர் வேறயாம், பதிஞ்ச நம்பரில்லாமல் விடமாட்டாங்களாம். மனமிருந்தால் நம்பர் ஒரு காரியமே? கழுத்தில அந்தோனியார் சங்கிலி போட்ட ஆள் தம்பி அந்தக் கோச். நீர்கொழும்புப் பக்கம். அவருக்குத் தெரியாதே மந்திரிக்கிறதெண்டால் என்னவெண்டு? கடைசியில சீசெல்ஸ் ஒரு கோல் அடிச்சுக் கப்பைக் கொண்டு போயிட்டாங்கள். வலப்பக்கத்தால ஓட ஆளில்லாமல்தான் தோத்ததெண்டு எல்லாரும் சொன்னவை. அந்தச் சனமும் பாவங்கள், எங்களை மாதிரிக் கத்திக் கட்டிப்பிடிச்சு அழுதாங்கள். எனக்கு அவங்களில கோவமில்லை.

ஜேர்சி திரும்பக் கிடைக்கயில்லை. ஆரோ கொண்டுபோயிட்டான். போகட்டும்.

டனிஸ்ரன் கோச்சுக்கு என்ன சொன்னவனெண்டு பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. ஹோட்டலில விட்டிட்டு வந்திட்டன், மறந்திட்டன் எண்டு சொன்னவனாம். பொறுப்பில்லாத பொடியனெண்டு பேர் வைச்சு, அதோட அவனை எடுக்கிறதில்லை எண்டு முடிச்சிட்டாங்கள். ஏன் பொய் சொல்லுவான்? அம்மா அந்தோனியாரிட்டக் கொண்டுபோனவா எண்டு உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்தக் கோச் மன்னிச்சிருப்பார். நான் இதை வீட்டில சொல்ல, எங்கட மனுசன் சோத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சார். "அவன் உன்னைக் காட்டிக் குடுக்கயில்லை," எண்டார். காட்டிக் குடுக்க நான் என்ன களவே எடுத்தனான்? அப்பிடியே கேட்டுப்போட்டன்.

டனிஸ்ரன் என்னை ஏசயில்லை. ஒரு நாளும் ஏசயில்லை. தேப்பனோட கடலுக்குப் போனான், வந்தான். பந்து விளையாடப் பொடியங்கள் கூப்பிட்டால் அலுப்பாக் கிடக்கெண்டான். நான் சாப்பாடு வைச்சால் சாப்பிட்டான். கேட்டால் ஓம், கேட்டால் இல்லை. அவ்வளவுதான் கதை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பன், ரெண்டு பேரும் அழுதிருப்பம், முடிஞ்சிருக்கும். ரெண்டு வருசம் தம்பி. ஒரே வீட்டுக்குள்ள என்ர பிள்ளையின்ர குரலுக்கு நான் ஏங்கிக் கிடந்தன். அந்தக் கோச்சால எனக்கு வந்த வினை.

இப்ப கட்டாருக்குப் போயிட்டான். போன வெள்ளிக்கிழமைதான். அங்க ஏதோ கட்டட வேலை. அதுக்குத்தான் இண்டைக்கு அந்தோனியாரிட்டப் போறன்.

போறதுக்கு முதல் கிழமை நான் குசினிக்குப் பின்னால கருவாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருக்கிறன். வந்து எனக்கு முன்னால குந்தினான். பக்கத்தில வந்து அப்பிடி இருந்து எத்தினை நாள். வெட்டுறதைப் பார்த்துக்கொண்டிருந்திட்டு, சேட்டுப் பொக்கற்றுக்குள்ளால பாஸ்போட்டை எடுத்து நீட்டினான்.

"அம்மா, இதையும் ஒருக்கா அந்தோனியாரிட்ட வைச்சுக்கொண்டு வாங்கோ. ஆறுதலாப் போட்டு வாங்கோ. பிளேனுக்கு இன்னும் நாள் கிடக்கு."

குத்திக் கதைக்கயில்லை. என்ர பிள்ளை குத்திக் கதைக்கிறவன் இல்லை. சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவன், முந்தின மாதிரி.

நான் வாங்கயில்லை தம்பி. கை முழுக்க மீன் ரத்தம். பாஸ்போட்டில பட்டால் எயார்போட்டில கரைச்சல் குடுப்பாங்கள்தானே. என்ர கை ஊத்தையாக் கிடக்கு, நீயே வைச்சிரு ராசா எண்டன். அதுக்குத்தான் சொன்னனான், வேற ஒண்டுக்குமில்லை. அவன் கொஞ்சநேரம் நீட்டினபடியே இருந்தான். பிறகு, சரியம்மா எண்டிட்டு எழும்பி உள்ள போயிட்டான்.

நான் கையைக் கழுவினனான். சவுக்காரம் போட்டு வடிவாக் கழுவித் துடைச்சனான். துடைச்சுப்போட்டு அவனிட்டப் போய், தா எண்டு கேட்டிருக்கலாம். உள்ளுக்குத்தான் இருந்தவன், கட்டிலில. போகயில்லை. திரும்பவும் வந்து குந்தி மிச்ச மீனை வெட்டினன்.